மாண்டினீக்ரோவுக்குத் தரைவழியாகச் செல்வது: ரயிலா, பேருந்தா, காரா?

நீலவேணி

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பிராங்க்பர்ட்டில் வசிக்கிறோம். வரும் செப்டம்பரில் என் பெற்றோர் திருச்சியிலிருந்து வருகிறார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு மாண்டினீக்ரோவின் கோட்டோர் வளைகுடாவுக்குச் சென்று சில நாள்கள் தங்க விரும்புகிறோம். அப்பா பொன்மலைப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். செர்பியத் தலைநகர் பெல்கிரேடிலிருந்து மாண்டினீக்ரோவின் பார் துறைமுகம் வரை செல்லும் மலைப்பாதையைப் பற்றி எங்கோ படித்துவிட்டு, அந்த ரயிலில் ஏறியே ஆக வேண்டும் என்கிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் நீண்ட நேரம் உட்கார முடியாது. என் கணவரோ குரோவேஷியாவின் டுப்ரோவ்னிக்கில் கார் வாடகைக்கு எடுத்துவிட்டால் எல்லாம் எளிது என்கிறார். வீட்டில் மூன்று பேருக்கு மூன்று கருத்து. பெற்றோருக்கு இன்னும் விசா விண்ணப்பிக்கவில்லை. எந்த வழி சரியாக வரும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மலைநாடன்

வழியை முடிவு செய்வதற்கு முன், சகோதரி, விசாவை முடிவு செய்துகொள்ளுங்கள். மாண்டினீக்ரோ 2017 முதல் நேட்டோவில் இருக்கிறது, யூரோ நாணயத்தைப் பயன்படுத்துகிறது. ஆனால் அது ஐரோப்பிய ஒன்றியத்திலும் இல்லை, ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய நாடுகள் சேர்ந்த ஷெங்கன் பகுதியிலும் இல்லை. கடையில் யூரோவில் விலை போட்டிருப்பதைப் பார்த்துப் பலர் ஏமாந்துபோகிறார்கள். அண்டை நாடான குரோவேஷியா 2023 ஜனவரி 1 அன்று யூரோவுக்கும் ஷெங்கனுக்கும் ஒரே நாளில் மாறியது. எனவே டுப்ரோவ்னிக்கிலிருந்து கோட்டோருக்குப் போகும்போது நீங்கள் ஷெங்கன் பகுதியைவிட்டு வெளியேறுகிறீர்கள்; திரும்பி வருவது புதிய நுழைவாகக் கணக்கிடப்படும்.

செல்லுபடியாகும் ஷெங்கன் விசா உள்ள இந்தியர்களை மாண்டினீக்ரோ தனி விசா கேட்காமல் 30 நாள்கள் வரை அனுமதிக்கிறது. செர்பியாவும் இந்தியர்களுக்குக் கொடுத்திருந்த விசா விலக்கை 2023 தொடக்கத்தில் நிறுத்திவிட்டாலும், ஷெங்கன் விசா வைத்திருப்பவர்களை உள்ளே விடுகிறது. அதனால் போவதில் சிக்கல் இல்லை, திரும்புவதில்தான் இருக்கிறது. உங்கள் பெற்றோருக்கு ஒருமுறை நுழைவு விசா கிடைத்திருந்தால், ஜெர்மனியில் இறங்கிய உடனேயே அது பயன்பட்டு முடிந்திருக்கும். கோட்டோரைப் பார்த்துவிட்டு டுப்ரோவ்னிக் எல்லைக்கு வந்து நின்றால் உள்ளே விடமாட்டார்கள். விண்ணப்பப் படிவத்திலேயே எத்தனை நுழைவு வேண்டும் என்ற கேள்வி உண்டு. இரண்டு அல்லது பல நுழைவு என்று குறித்து, மாண்டினீக்ரோவில் அறை பதிவு செய்த சான்றையும் பயணத் திட்டத்தையும் இணைத்துக் கொடுங்கள். இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

ரயில்பித்தன்

அப்பாவின் பக்கம் நான் நிற்கிறேன். பெல்கிரேட்–பார் பாதையின் நீளம் 476 கிலோமீட்டர்; அதில் 254 சுரங்கங்கள். 1950களில் தொடங்கிய வேலை, பணத் தட்டுப்பாட்டால் நின்று நின்று நடந்து, 1976 மே மாதத்தில்தான் முடிந்தது. அன்றைய யூகோஸ்லாவியாவின் அதிபர் டிட்டோவே வந்து திறந்துவைத்தார். பாதை மாண்டினீக்ரோவின் கொலாஷின் அருகே கடல் மட்டத்திலிருந்து 1032 மீட்டர் வரை ஏறுகிறது. அங்கிருந்து தலைநகரமான போட்கோரிட்சாவுக்கு வரும்போது ஏறத்தாழ நாற்பது மீட்டர் உயரத்துக்கு இறங்கிவிடுகிறது. இந்த இறக்கம்தான் பாதையின் உயிர். மொராச்சா ஆறு கீழே பள்ளத்தில் நூலாக ஓட, வண்டி மலையின் விலாவில் ஒரு சுரங்கத்திலிருந்து வெளியே வந்து, மூச்சு விடுவதற்குள் அடுத்த சுரங்கத்தில் நுழையும். வெளிச்சம் வந்து போகும் அந்த இடைவெளிகளில்தான் பள்ளத்தாக்கு முழுவதையும் பார்த்தாக வேண்டும். கேமராவைத் தேடிக்கொண்டிருந்தால் போச்சு.

மாலா ரியேகா பாலம் இந்த இறக்கத்தில்தான் வருகிறது. ஏறத்தாழ 500 மீட்டர் நீளம், பள்ளத்திலிருந்து 198 மீட்டர் உயரம். 1973-இல் கட்டி முடிக்கப்பட்ட இப்பாலம், 2001-இல் சீனா முந்தும் வரை உலகிலேயே உயரமான ரயில் பாலமாக இருந்தது. இன்று காஷ்மீரில் உள்ள நம் செனாப் பாலம் 359 மீட்டரில் நிற்கிறது என்று உங்கள் அப்பா பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அரை நூற்றாண்டுக்கு முன் நான்கு கான்கிரீட் தூண்களை அந்தப் பள்ளத்தில் நிறுத்தியவர்களுக்கும் அவர் தொப்பியைக் கழற்றுவார். பெல்கிரேடிலிருந்து வரும்போது வலப்பக்க ஜன்னலோரம் உட்கார வேண்டும்.

போட்கோரிட்சாவுக்குப் பிறகு ஸ்கடார் ஏரியின் ஓரத்தை ஒரு கரைமேட்டில் கடந்து, ஆறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான சொசினா சுரங்கத்துக்குள் வண்டி நுழையும். மறுமுனையில் வெளியே வந்தால் சுட்டோமோரே, ஏட்ரியாட்டிக் கடல்.

இனி குறைகள். அட்டவணைப்படி பயணம் பதினொன்று, பன்னிரண்டு மணி நேரம், தாமதம் வழக்கம். உணவுப்பெட்டி இருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். தண்ணீர், ரொட்டி, கழிவறைக் காகிதம் எல்லாம் கையில் இருக்கட்டும். பெல்கிரேடின் பழைய மைய நிலையம் 2018-இல் மூடப்பட்டுவிட்டது. ப்ரோகோப், டொப்சிடெர் என்ற இரு நிலையங்களில் எதிலிருந்து வண்டி கிளம்புகிறது என்பதைச் சீட்டு வாங்கும்போதே உறுதி செய்துகொள்ளுங்கள். இந்த விஷயத்தில் காலத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். வண்டி சுமார் 9 கிலோமீட்டர் தொலைவுக்கு ஸ்டர்ப்ட்சி என்ற இடத்தில் போஸ்னிய மண்ணைக் கடக்கும். அங்கே யாரும் கடவுச்சீட்டு பார்ப்பதில்லை. போஸ்னியப் போர்க்காலத்தில், 1993 பிப்ரவரியில், இதே பாதையில் வந்த வண்டியை அந்நிலையத்தில் நிறுத்தி, பெரும்பாலும் முஸ்லிம்களான பயணிகளை இறக்கிக் கொண்டுபோய்க் கொன்றார்கள். அந்த வழியாகப் போகிறவர்கள் அதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

வியன்னாவாசி

ரயில்பித்தன் ஐயா சொன்ன காட்சிகள் அனைத்தும் உண்மைதான். ஆனால் அவை எந்த வண்டியில் தெரியும் என்பதை அவர் சொல்லவில்லை. பகல் வண்டி கோடைக்காலத்தில் மட்டும் ஓடுவது. செப்டம்பரின் எந்தத் தேதி வரை என்று அவ்வாண்டு அட்டவணையைப் பார்த்தால்தான் தெரியும். மற்ற நாள்களில் இரவு வண்டிதான். அது கொலாஷின் மலைகளுக்கு விடியும் வேளையில் வந்து சேரும். ஜூன் மாதமென்றால் அப்போதே வெளிச்சம் இருக்கும்; செப்டம்பர் கடைசியில் பாதி இறக்கம் இருட்டிலேயே போய்விடும். முழங்கால் வலியுள்ள அம்மாவை இரவு முழுவதும் படுக்கைப் பெட்டியின் ஏணியில் ஏற்றி இறக்கி, விடியற்காலையில் எல்லைக் காவலருக்காக எழுப்பி, கடைசியில் பாலத்தையும் பார்க்காமல் போவதில் என்ன பயன்?

மேலும் ரயில் கோட்டோருக்குப் போவதில்லை. பார் அல்லது சுட்டோமோரேயில் இறங்கி மறுபடியும் பேருந்து பிடித்துப் புட்வா வழியாகப் போக வேண்டும்.

ரயில்பித்தன்

வியன்னாவாசி சொல்வது நியாயமே. அதற்கும் வழி இருக்கிறது. பியேலோ போல்யேயிலிருந்து கொலாஷின், போட்கோரிட்சா வழியாகப் பார் வரை மாண்டினீக்ரோவின் உள்ளூர் வண்டிகள் ஆண்டு முழுவதும் பகலில் ஓடுகின்றன. கட்டணம் சில யூரோதான், முன்பதிவும் தேவையில்லை. போட்கோரிட்சாவில் ஏறி ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் கொலாஷினில் இறங்கலாம். ஊர் கடல் மட்டத்திலிருந்து 950 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நிலையத்திலிருந்து கடைத்தெருவுக்குக் கொஞ்சம் இறங்க வேண்டும், அம்மாவுக்காக டாக்ஸி வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்கறியோ பாலாடைக் கஞ்சியோ சாப்பிட்டுவிட்டு அடுத்த வண்டியில் திரும்பினால், மாலா ரியேகா பாலத்தை இருமுறை, நல்ல வெளிச்சத்தில் பார்த்ததாகிவிடும். போகும்போது இடப்பக்கம், வரும்போது வலப்பக்கம். ஒரு நாளைக்குச் சில வண்டிகள்தான் என்பதால், திரும்பும் வண்டியின் நேரத்தைப் போகும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

முழுப் பாதையிலும் போனேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது என்பது ஒன்றுதான் குறை.

நீலவேணி

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். பாலத்தை இருமுறை கடக்கலாம் என்றதும் பெல்கிரேடை விட்டுக்கொடுக்கத் தயாராகிவிட்டார். அப்படியென்றால் டுப்ரோவ்னிக் வழியாக நுழைவதுதான் பொருத்தம் போலிருக்கிறது. டுப்ரோவ்னிக் வரை ரயிலில் வர முடியுமா? அங்கிருந்து காரா, பேருந்தா?

வியன்னாவாசி

டுப்ரோவ்னிக்குக்கு ரயில் இல்லை. அங்கே இருந்த குறுகிய பாதை, பார் பாதை திறந்த அதே 1976-இல் மூடப்பட்டது. மியூனிக்கிலிருந்து ரயிலிலேயே வர வேண்டுமென்றால் குரோவேஷியத் தலைநகர் ஜாக்ரெப் வரை வந்து, அங்கிருந்து ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் ஸ்ப்லிட் வந்து, மேலும் நான்கு மணி நேரத்துக்கு மேல் பேருந்தில் போக வேண்டும். இளைஞர்களுக்குச் சரி.

ஸ்ப்லிட்டிலிருந்து வரும் சாலையில் முன்பு நேயும் என்ற இடத்தில் போஸ்னியாவுக்குள் நுழைந்து வெளியே வர வேண்டியிருந்தது. 2022 ஜூலையில் பெல்யெஷாட்ஸ் பாலம் திறந்தபின் அந்தத் தொல்லை இல்லை. ஒருமுறை நுழைவு விசா வைத்திருப்பவர்கள் டுப்ரோவ்னிக் வரை மட்டும் போவதாக இருந்தாலும், பேருந்து பாலம் வழியாகப் போகிறதா, நேயும் வழியாகப் போகிறதா என்று கேட்டுக்கொள்வது அவசியம்.

சாலைக்காரன்

கார் எடுப்பதாக இருந்தால் சில செய்திகள்.

வாடகை நிறுவனத்திடம் மாண்டினீக்ரோவுக்குள் வண்டியைக் கொண்டுபோக எழுத்து மூலமான அனுமதியும், பச்சை அட்டை எனப்படும் காப்பீட்டுச் சான்றும் பெற வேண்டும்; இதற்குத் தனிக் கட்டணம் வாங்குவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், முன்பதிவின்போது சரி என்று சொல்லிவிட்டு வண்டி எடுக்கும் நாளில் மறுத்த ஒரு நிறுவனத்தால், விமான நிலையத்திலேயே அரை நாள் உட்கார்ந்திருந்தது. மின்னஞ்சலில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும் என்பது அங்கே சட்டம்.

டுப்ரோவ்னிக்கிலிருந்து பிரதான எல்லைச் சாவடி டெபெலி பிரியெக். ஜூலை, ஆகஸ்டில் இங்கே வரிசை மணிக்கணக்கில் நீளும். கடலோரமாக விட்டாலியினா, கோபிலா வழியாகச் செல்லும் சிறிய சாவடி ஒன்று உண்டு. கார்களுக்குச் சில வேளைகளில் அது விரைவு. ஹெர்சக் நோவியைத் தாண்டியதும் வளைகுடா தொடங்கும். காமெனாரியிலிருந்து லெபெட்டானேவுக்குக் கார்களை ஏற்றிச் செல்லும் படகு இரவு பகலாக ஓடுகிறது. பத்து நிமிடத்தில் எதிர்க்கரை. டிவாட், புட்வா செல்பவர்களுக்கு அது வசதி. கோட்டோருக்குச் செல்பவர்கள் படகில் ஏறாமல் ரிசான், பெராஸ்ட் வழியாகக் கரையை ஒட்டியே சுற்றி வர வேண்டும் என்பது என் பிடிவாதம். அந்தச் சாலையில் இரு கார்கள் எதிரெதிரே வந்தால் வலப்பக்கத்தில் தண்ணீர், இடப்பக்கத்தில் வீட்டுச் சுவர். பெராஸ்ட் கரைக்கு நேர் எதிரே இரு தீவுகள். அதில் ஒன்று, மாலுமிகள் கற்களைக் கொட்டியே உருவாக்கியது.

போட்கோரிட்சாவிலிருந்து கொலாஷின் பக்கம் போக இப்போது விரைவுச்சாலை இருக்கிறது. ஸ்மோகோவட்ஸ் முதல் மாடெஷேவோ வரை 41 கிலோமீட்டர், 2022 ஜூலையில் திறந்தார்கள். சீன நிறுவனம் கட்டியது, சீன வங்கியின் கடன்; சிறிய நாட்டுக்கு இத்தனை கடன் தேவையா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. ஓட்டுநராக எனக்கு அது பெரிய நிம்மதி. பழைய மொராச்சா சாலையில் மழை நாளில் கற்கள் விழும். காட்சிக்காகப் போகிறவர் பழைய சாலையிலும், பத்திரமாகப் போய்ச் சேர வேண்டியவர் புதிய சாலையிலும் போகட்டும்.

கோட்டோரின் பழைய நகருக்குள் கார் போகாது. மதில் வாசலுக்கு வெளியே வண்டி நிறுத்த இடம் கிடைப்பதே பெரும்பாடு. பயணக் கப்பல் வரும் நாளில் கிடைக்கவே கிடைக்காது.

மலைநாடன்

கடைசிப் பத்தியைத்தான் நீலவேணியின் கணவர் முதலில் படிக்க வேண்டும். கோட்டோரில் தங்கி, ஒரு நாள் போட்கோரிட்சா போய் ரயில் ஏறும் குடும்பத்துக்குக் கார் வசதியைவிடச் சுமையாகவே இருக்கும். இந்திய ஓட்டுநர் உரிமம் மட்டும் உள்ளவர்களுக்குப் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் தேவைப்படும். ஜெர்மன் உரிமம் இருந்தால் அந்தப் பிரச்சினை இல்லை.

கடலோரத்தான்

பேருந்து பற்றி நான் சொல்கிறேன். டுப்ரோவ்னிக்கிலிருந்து ஹெர்சக் நோவி, கோட்டோர், புட்வா செல்லும் பேருந்துகள் தினமும் உண்டு. தொலைவு நூறு கிலோமீட்டருக்கும் குறைவு. எல்லையில் வரிசை இல்லையென்றால் இரண்டரை, மூன்று மணி நேரம். கோடை உச்சத்தில் அதைப்போல் இருமடங்கும் ஆகலாம். செப்டம்பர் நடுவுக்குப் பின் கூட்டம் குறையும். காலையில் கிளம்பும் முதல் வண்டியைப் பிடியுங்கள்.

இன்னொன்று, 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் நுழைவு-வெளியேற்றப் பதிவு முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்திருக்கிறது. உங்கள் பெற்றோர் பிராங்க்பர்ட்டில் இறங்கும்போது முகப் படமும், விரல்ரேகை சார்ந்த சரிபார்ப்பும் நடக்கும். டுப்ரோவ்னிக் எல்லையில் வெளியேறும்போதும் திரும்ப நுழையும்போதும் மீண்டும் பதிவாகும். ஜெர்மனியின் வசிப்பிட அனுமதி அட்டை உள்ள உங்களுக்கு இந்தப் பதிவு கிடையாது. ஒரே பேருந்தில் இருந்தாலும் நீங்கள் விரைவாக முடித்துவிட்டு, பெற்றோருக்காகக் காத்திருக்க வேண்டிவரும். பேருந்து எல்லாரும் வரும்வரை நிற்கும், பதற வேண்டாம். ஆனால் சாவடியில் இறங்கி வரிசையில் நிற்க வேண்டியிருப்பதால் அம்மாவுக்கு மடக்கு நாற்காலி ஒன்று கையில் இருந்தால் நல்லது.

பெட்டிகளை வண்டியின் வயிற்றில் வைப்பதற்கு, பெட்டி ஒன்றுக்கு ஓரிரு யூரோ நடத்துநர் தனியாக வாங்குவார். சீட்டில் சேராத தொகை அது; சில்லறை நாணயமாக வைத்திருங்கள், நோட்டை நீட்டினால் முகம் சுளிப்பார்கள்.

நீலவேணி

எல்லாருக்கும் நன்றி. ஒருமுறை நுழைவு விசாதான் தருவோம் என்று தூதரகம் முடிவு செய்துவிட்டால்? அம்மாவும் அப்பாவும் ஐரோப்பாவுக்கு வருவது இதுவே முதல் தடவை.

மலைநாடன்

முதல் தடவை வருபவர்களுக்கு அது நடக்கக்கூடியதே. 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்காக ஐரோப்பிய ஆணையம் கொண்டுவந்த விதி, மூன்று ஆண்டுகளுக்குள் இரு விசாக்களை முறையாகப் பயன்படுத்தியவர்களுக்கே இரண்டாண்டு பல்நுழைவு விசாவைத் தருகிறது. உங்கள் பெற்றோர் இன்னும் அந்தப் படிக்கு வரவில்லை. ஆனால் இரு நுழைவு கேட்பதற்கு அந்த விதி தடையும் இல்லை.

ஒருமுறைதான் கிடைத்தது என்றால் வரிசையை மாற்றுங்கள். ஜெர்மனியை முதலில் முடித்துவிட்டு மாண்டினீக்ரோவைக் கடைசியில் வையுங்கள். போட்கோரிட்சாவிலிருந்து இஸ்தான்புல் வழியாக அவர்கள் நேரே இந்தியா திரும்பலாம். அப்போது ஷெங்கனுக்குள் மறுபடி நுழைய வேண்டிய தேவையே எழாது. ஆனால் ஒருமுறை நுழைவு விசாவைப் பயன்படுத்தி வெளியே வந்தபின் அதை மாண்டினீக்ரோ எல்லையில் செல்லுபடியாகும் விசாவாக ஏற்பார்களா என்பது அங்குள்ள அதிகாரியின் கையில் போய் நிற்கக்கூடாது. பயணச்சீட்டு வாங்குவதற்கு முன் அந்நாட்டுத் தூதரகத்துக்கு எழுதி, பதிலை அச்சிட்டுக் கையில் வைத்திருக்கச் சொல்வேன். பெரியவர்கள் எல்லையில் நின்று ஆங்கிலத்தில் வாதாடும் நிலை வரக்கூடாது.

கடலோரத்தான்

மாண்டினீக்ரோவில் நுழைந்த 24 மணி நேரத்துக்குள் தங்குமிடத்தைப் பதிவு செய்ய வேண்டும். விடுதியென்றால் அவர்களே செய்துவிடுவார்கள். தனியார் வீட்டில் தங்கினால் வீட்டுக்காரரிடம் கேட்டுப் பதிவுச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நீலவேணி

இரு நுழைவு கேட்டு விண்ணப்பிக்கிறோம், டுப்ரோவ்னிக் வரை விமானம், அங்கிருந்து பேருந்து, கொலாஷினுக்கு உள்ளூர் ரயில் என்று முடிவு செய்துவிட்டோம். கணவரும் காரை விட்டுவிட்டார், பாதி மனத்தோடு. பேருந்தில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று அப்பா கேட்கச் சொன்னார்.

ரயில்பித்தன்

கோட்டோர் வரை வலப்பக்கம். டுப்ரோவ்னிக்கைவிட்டுக் கிளம்பியதும் கடலும், ஹெர்சக் நோவிக்குப் பின் வளைகுடாவும் அந்தப் பக்கம்தான். இருக்கை எண் போட்ட சீட்டாக இருந்தாலும் அதை யாரும் பெரிதாக மதிப்பதில்லை, கொஞ்சம் முன்னதாகவே போய் நிற்கச் சொல்லுங்கள்.